விழுந்து விழுந்து விளையாடும் கேம்கள்: கேள்வி பதில்

நேராக நடக்கக்கூட விடாத கேம்களைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருஷமாக இவற்றில் விழுந்துகொண்டிருப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

கேள்வி: அண்ணா, கண்ட்ரோல் மோசமாக இருந்தால் எந்த கேமையும் திட்டுவோம். இதில் மட்டும் அதையே ரசிக்கச் சொல்கிறீர்கள். என்ன நியாயம்?

பதில்: ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் லெமன் ஸ்பூன் ரேஸ் ஓடியிருப்பாய் தம்பி. எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் அது வெறும் ஓட்டம். கரண்டியில் வைத்து, கரண்டியை வாயில் கடித்துக்கொண்டு ஓடச் சொன்னதும்தான் மொத்த மைதானமும் திரும்பிப் பார்க்கிறது.

'க்வாப்' (QWOP) என்கிற கேம் அந்த ஜாதி. ஆஸ்திரேலியாக்காரரான பென்னட் ஃபாடி 2008-ல் செய்தது. மனிதர் தத்துவம் படித்தவர். கதைப்படி நீ ஒரு குட்டி நாட்டின் ஒரே ஒலிம்பிக் வீரன், பயிற்சிக்குத்தான் பணம் போதவில்லை. ஓட வேண்டியது 100 மீட்டர். கீபோர்டில் க்யூ, டபிள்யூ இரண்டும் தொடைகளுக்கு. ஓ, பி இரண்டும் முட்டிக்குக் கீழே. பெயர் வந்ததும் இந்த நாலு எழுத்திலிருந்துதான்.

க்யூவை அமுக்கினால் ஒரு தொடை முன்னே போகும், மற்றது பின்னே போகும். சரி, அடுத்து ஓ. கால் மடங்கும். அதற்குள் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். பதறிப்போய் நாலையும் மாற்றி மாற்றித் தட்டினால் ஆள் ஒரு காலை வானத்துக்குத் தூக்கி, முதுகை வளைத்து, மண்டையைத் தரையில் மோதுவான். ஸ்கோர் ஒரு மீட்டர் சொச்சம். பின்பக்கமாக விழுந்தால் மைனஸ்கூட வரும்.

நடப்பதை ஒரு வயசில் கற்றுக்கொண்டோம், அப்புறம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எந்தத் தசை எப்போது இழுக்கிறது என்று நம்மில் யாருக்குத் தெரியும்? அந்தக் கணக்கை உடம்பிலிருந்து பிடுங்கி நாலு விரலிடம் ஒப்படைக்கிறார் ஃபாடி. விரல்கள் முழிக்கிற முழியைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

கேள்வி: அப்போ சொதப்பலாகச் செய்த கேமும் வேண்டுமென்றே சொதப்பிய கேமும் ஒன்றுதானே சார்?

பதில்: இல்லவே இல்லை. சொதப்பல் கேமில் ஒரே பட்டனை ஒரே மாதிரி அமுக்கினாலும் ஒரு தடவை குதிக்கும், ஒரு தடவை குதிக்காது. அது ஏமாற்று. இந்த கேம்கள் முரண்டு பிடிக்கும், ஆனால் பொய் சொல்லாது. ஃபாடியே 2017-ல் வெளியிட்ட 'கெட்டிங் ஓவர் இட்' இருக்கிறதே, அதில் அண்டாவுக்குள் இடுப்புவரை இறங்கிய ஒருத்தன், கையில் நீண்ட சம்மட்டி, எதிரே மலை. பட்டன் கிடையாது, மவுஸ் மட்டும். விழுந்தால், ஏறிய இடத்துக்குத் திரும்ப எந்த சேவும் கைகொடுக்காது. நானெல்லாம் முதல் தடவை ஏறி முடிக்க வாரக்கணக்கானது. கை தேர்ந்தவர்கள் இரண்டு நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். கண்ட்ரோல் நேர்மையாக இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்?

கேள்வி: அதே கேமில் மூன்று மணி நேரம் ஏறி, ஒரே வழுக்கலில் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். மவுஸை உடைக்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள் ப்ரோ.

பதில்: நான் ஒன்றை உடைத்த பிறகு கற்றது இது. மவுஸை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சம்மட்டியின் தலை முதலில் பாறையில் நன்றாக மாட்டட்டும், அப்புறம் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். விழுந்ததும் உடனே ஏறாதீர்கள். கோபத்தோடு ஏறுகிறவன் இன்னும் கீழே போவான். விழும்போதெல்லாம் ஃபாடியின் குரல் வந்து தோல்வியைப் பற்றி நிதானமாகப் பேசும். அதைக் கேட்டு எரிச்சல் வருவது இயற்கை, எனக்கும் வந்தது.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. 'சர்ஜன் சிமுலேட்டர்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் மேடம். லண்டனைச் சேர்ந்த பாஸா ஸ்டூடியோஸ்காரர்கள் 2013 ஜனவரியில் ஒரு கேம் ஜாமில், அதாவது குறிப்பிட்ட நேரத்துக்குள் கேம் செய்து முடிக்கும் கூட்டத்தில், 48 மணி நேரத்தில் செய்து பார்த்தது, பிறகு முழு கேமாக வளர்ந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கீ, கையை நகர்த்த மவுஸ். பாப் என்கிற நோயாளிக்கு இதய மாற்று ஆபரேஷன். விலா எலும்பைச் சுத்தியலால் உடைத்து, நுரையீரலைத் தூக்கி எறிந்து, புது இதயத்தை உள்ளே பொத்தென்று போட்டால் ஆபரேஷன் வெற்றி! நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், ஆனால் ரத்தம் நிறைய. அவனுக்கு 'ஹ்யூமன்: ஃபால் ஃப்ளாட்' வாங்கிக் கொடுங்கள். மாவில் பிடித்த பொம்மை மாதிரி ஒருத்தன், இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். நீங்களும் கூடச் சேர்ந்து ஆடலாம்.

கேள்வி: 'கோட் சிமுலேட்டர்' இந்தப் பட்டியலில் வருமா?

பதில்: என் கணக்கில் வராது. ஆடு சொன்னபடி ஓடும், முட்டும். கோமாளித்தனம் முழுக்க ஊரில்தான், கண்ட்ரோலில் இல்லை. அதைப் பார்த்து வரிசையாக வந்த 'சிமுலேட்டர்' கேம்கள் பலவும் பெயரை வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டன.

கேள்வி: ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்கவே மாட்டேன், 'ஆக்டோடாட்' தான். 2010-ல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது. அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் 2014-ல் 'டாட்லியஸ்ட் கேட்ச்' என்று அடுத்ததை வெளியிட்டார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆக்டோபஸ், மனைவி, இரண்டு குழந்தைகள். அப்பா ஆக்டோபஸ் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

மற்ற கேம்களில் கண்ட்ரோல் கோணல் என்பது வெளியிலிருந்து ஒட்டவைத்த தண்டனை. இங்கே அவனுக்கு எலும்பே இல்லை, அதனால்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தூக்கி வைக்க வேண்டும். காலையில் ஒரு காபி போடப் போனால் நாற்காலி சாயும், கால் போன வழியில் பாதி சமையலறை கவிழும். யாராவது பார்த்தால் சந்தேக மீட்டர் ஏறும். 'நான் சாதாரண ஆள்தான்' என்று காட்ட அவன் படுகிற பாடும், அவனை நடக்கவைக்க நாம் படுகிற பாடும் ஒன்றாகிவிடுகிறது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அவன்மேல் பாவமாக இருக்கும். நாலு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு கை, ஒரு கால் என்று பிரித்துக்கொள்ளலாம். பிரித்த பிறகு நட்பு மிஞ்சுமா என்பது உங்கள் பாடு.

கேள்வி: காசு செலவழிக்காமல் எதிலிருந்து தொடங்கலாம்? என்னிடம் பழைய லேப்டாப்தான்.

பதில்: க்வாப். பிரவுசரிலேயே ஓடும்.

கேள்வி: நீங்கள் க்வாப்பில் 100 மீட்டர் முடித்திருக்கிறீர்களா, இல்லை சும்மா பேச்சுதானா?

பதில்: ஒரே ஒரு தடவை. முட்டி போட்டு, அங்குலம் அங்குலமாகத் தேய்த்துக்கொண்டே. 50 மீட்டரில் ஒரு ஹர்டில், தாண்டிக் குதிக்க வேண்டிய தடை, நிற்கும். தாண்டவில்லை, கூடவே தள்ளிக்கொண்டு போனேன்.