வளரும் மூளையில் எந்த ஸ்டெம் செல் நரம்பு செல்லாக மாற வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

பெரும்பாலும் பக்கத்துச் செல்தான். மேலிருந்து உத்தரவு போட யாரும் இல்லை.

கருவின் மூளையில் திரவம் நிறைந்த அறைகளின் சுவரை ஒட்டி இந்த ஸ்டெம் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதில் ஒன்று நரம்பு செல்லாக மாறத் தொடங்கினால், தன் மேற்பரப்பில் டெல்டா என்ற புரதத்தை நீட்டும். ஒட்டி நிற்கும் செல்லில் இருக்கும் நாட்ச் என்ற ஏற்பி (சமிக்ஞையை வாங்கும் புரதம்) அதைப் பற்றிக்கொள்ளும். உடனே நாட்ச் வெட்டுப்படும், உள்பக்கத் துண்டு நேராக உட்கருவுக்குப் போய் ஹெஸ்1 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடும். நடுவில் தூதர் கிடையாது, வெட்டுப்பட்ட ஏற்பியே சேதி. ஹெஸ்1 இருக்கும்வரை அந்தச் செல் நரம்பு செல்லாக மாறாது. 'நான் போகிறேன், நீ இரு' என்பதுதான் விஷயம்.

இந்தத் தடை ஏன் வேண்டும்? ஹெஸ்1, ஹெஸ்5 இரண்டையும் நீக்கிய எலிகளில் ஸ்டெம் செல்கள் அவசரப்பட்டு நரம்பு செல்களாகி, இருப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. பின்னால் உருவாக வேண்டிய செல்களுக்கு ஆள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். ஹெஸ்1 புரதம் தன் மரபணுவையே அணைக்கும், சீக்கிரம் சிதைந்தும் போகும். அதனால் அதன் அளவு 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். கூடவே, அது அடக்கி வைக்கும், நரம்பு செல்லாக மாறத் தூண்டும் அஸ்கில்1 என்ற புரதமும் ஏறி இறங்கும். 2013-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஆய்வாளர் ககெயாமாவின் குழுவினர் எலியின் ஸ்டெம் செல்களில் அஸ்கில்1-ஐ ஒளியால் இயக்கிப் பார்த்தார்கள். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுத் தூண்டினால் செல்கள் பெருகின. விடாமல் தூண்டினால் நரம்பு செல்களாக மாறின. புரதம் ஒன்றே, தாளம்தான் வேறு! எந்தச் சமிக்ஞை வந்தது என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

எந்த வகை நரம்பு செல் என்பது வேறு கணக்கு. கீழ்ப்பக்கத்திலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக், மேல்பக்கத்திலிருந்து பிஎம்பி என்று புரதங்கள் பரவும், கிடைக்கும் அளவைப் பொறுத்து வகை மாறும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் குறைந்தால் முன்மூளை இரண்டாகப் பிரியாமலே போகலாம்.

மனிதர்களிடம் மட்டும் வேலை செய்யும் நாட்ச்2என்எல் மரபணுக்களைப் பற்றி 2018-இல் ஆய்வுகள் வெளிவந்தன. அவை நாட்ச் சமிக்ஞையைக் கூட்டி, ஸ்டெம் செல்கள் இன்னும் கொஞ்ச காலம் ஸ்டெம் செல்களாகவே பெருக விடுகின்றன. நம் மூளையின் வெளி அடுக்கான புறணி பெரிதானதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். முழுப் புகழையும் இவற்றுக்கே கொடுத்துவிட வேண்டாம், வேறு மரபணுக்களும் வரிசையில் நிற்கின்றன.