சர்க்கரை உள்ளவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கண் சிவப்பு போய்விட்டது. சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை, புரை எடுத்து 12 நாள், சிவப்பில்லை, வலியில்லை, இனியும் சொட்டு மருந்து எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். சிவப்பு போனது கண்ணின் வெளிப்பக்கத்துக் கணக்கு மட்டும்தான். சர்க்கரைக்காரர்களுக்கு வம்பு வருவது உள்ளே, விழித்திரையின் நடுவில் இருக்கும் மாகுலாவில். புரையை உடைத்து உறிஞ்சும்போது கண்ணுக்குள் புரோஸ்டாகிளாண்டின் என்ற, அழற்சியைத் தூண்டும் பொருள் சுரக்கிறது. சர்க்கரையால் ஏற்கெனவே நைந்துபோன நுண்குழாய்கள் அதனால் இன்னும் கசிய, மாகுலாவில் நீர் கோத்துக்கொள்கிறது. கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கறுப்புத் துளை) சரியாக விரியாத கண் என்றால், அதைச் சுற்றியுள்ள நிறவளையமான ஐரிஸை விரித்துப் பிடித்து ஆபரேஷன் செய்திருப்பார்கள். அழற்சி இன்னும் கூடும். இந்த நீர்க்கோப்பு பெரும்பாலும் தலைகாட்டுவது 4 முதல் 6 வாரத்துக்குள். வீட்டில் எல்லோரும் மருந்தை மறந்திருக்கும் நேரம் அது.

அதனால்தான் இரண்டு வகைச் சொட்டு. ஒன்று ஸ்டீராய்டு (பிரெட்னிசொலோன் அல்லது டெக்ஸாமெதசோன்). இதை வாரத்துக்கு ஒரு படியாக 6, 4, 3, 2, 1 என்பதுபோல் இறக்குவார்கள். உங்கள் சீட்டில் உள்ள கணக்குதான் உங்களுக்கு. திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பிவரும். மற்றது ஸ்டீராய்டு அல்லாதது: நெபாஃபெனாக், புரோம்ஃபெனாக் போன்றவை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெபாஃபெனாக் 0.1 சதவீதச் சொட்டை ஆபரேஷனுக்கு முந்தைய நாளே தொடங்கி 60 நாள் வரை தினம் 3 முறை விடலாம் என்பது ஐரோப்பிய அனுமதி. சர்க்கரை இல்லாதவர்களிடமே இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்று 2018-ல் வெளியான பிரெமெட் ஆய்வு காட்டியது: 12 வாரத்தில் மாகுலா வீக்கம் டெக்ஸாமெதசோன் மட்டும் விட்டவர்களில் 5.1 சதவீதம், இரண்டும் விட்டவர்களில் 1.5. அதே ஆய்வின் சர்க்கரைப் பிரிவில், ஆபரேஷன் முடிவில் வெண்படலத்துக்கு அடியில் 40 மில்லிகிராம் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட யாருக்கும் வீக்கம் வரவில்லை. ஆனால் கண்ணழுத்தம் ஏறியது, ஆகவே எல்லோருக்கும் போட்டுவிட முடியாது.

பல வீடுகளில் மருந்து வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் விடுகிற விதம். பிரெட்னிசொலோன் அசிடேட் குப்பியைக் கொஞ்சநேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் மேல்தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும். பால் மாதிரி ஆகும்வரை குலுக்குங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்குமேல் இடமில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். மூக்கோரத்து மூலையை விரலால் 2 நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. குப்பி முனை இமையில் படக் கூடாது.

நிறுத்தக் கூடாது என்றேனே, அதற்காக நீங்களாக நீட்டவும் கூடாது. ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும், வெளியே எதுவும் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் ஒருமுறை அழுத்தம் பார்த்தாக வேண்டும். ஸ்டீராய்டு அல்லாத சொட்டு, கண் வறட்சியும் உணர்ச்சிக் குறைவும் உள்ள சர்க்கரைக்காரர்களின் கருவிழியைப் புண்ணாக்கலாம். இவர்களுக்கு உறுத்தல் குறைவாகத் தெரிவதால் "வலிக்கலையே" என்பதை நம்பாதீர்கள்.

ஆறாவது வாரத்தில் ஓசிடி ஸ்கேன் (மாகுலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று காட்டும் விழித்திரைப் படம்) கேட்டு எடுங்கள். தெளிவாகத் தெரிந்த எழுத்து நடுவில் மங்கினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். வலியோடு பார்வை குறைந்து, இமை வீங்கினால் அது அழற்சி அல்ல, கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி.

சர்க்கரையை ஒரே மாதத்தில் அடித்து இறக்க முயல வேண்டாம், வேகமாக இறக்கினால் விழித்திரை நோய் தற்காலிகமாக மோசமாகலாம். சொட்டு மருந்தால் சர்க்கரை பெரிதாக ஏறாது. ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் ஏறும், சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த கண்ணுக்குத் தேதி குறிக்கும்போது இந்தக் கண்ணின் ஸ்கேனையும் அழுத்த அளவையும் கையோடு கொண்டுபோங்கள்.