மச்சமா, புற்றுநோயா? உள்ளங்காலையும் பாருங்கள்
வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர்கள் பதில்

மச்சம் குறித்த பயத்தோடு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் கணவருக்கு வயது 41. முதுகில் ஒரு மச்சம் இருக்கிறது. அது புற்றுநோயோ என்று பயந்து, ஆறு மாதமாகத் தினமும் இரவு என்னைப் பார்க்கச் சொல்கிறார். சரியாகத் தூங்குவதும் இல்லை. எனக்கு அது கல்யாணமான நாளிலிருந்து இருப்பது போலத்தான் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, திருச்சி

முதலில், தினமும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது, பயம்தான் கூடும். அதற்குப் பதில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, ஃபிளாஷ் போடாமல், மச்சத்தை ஒட்டி மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேலை வைத்து எடுக்க வேண்டும். அடுத்த மாதம் அதே தேதியில், அதே இடத்தில், அதே தூரத்தில் இன்னொன்று. மூன்று மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மாற்றம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படத்தில் என்ன பார்ப்பது? மச்சத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா, ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா அல்லது வரைபடத்துக் கடற்கரை மாதிரி வெட்டு வெட்டாக இருக்கிறதா, ஒரே நிறமா அல்லது பழுப்பு, கறுப்பு, நீலச் சாம்பல், சிவப்பு என்று கலந்திருக்கிறதா, குறுக்களவு 6 மி.மீ.க்கு மேல் போகிறதா. இந்த நான்கையும் நியூயார்க் மருத்துவர்கள் 1985-இல் வகுத்தார்கள். ‘மாறிக்கொண்டே வருகிறதா’ என்ற ஐந்தாவது கேள்வி 2004-இல் சேர்ந்தது. எங்களைக் கேட்டால் அந்த ஐந்தாவதுக்குத்தான் முதலிடம் கொடுப்போம். 6 மி.மீ.க்குப் பெரிதான சாதாரண மச்சங்கள் எத்தனையோ பேருக்கு உண்டு. அதைவிடச் சிறிய மெலனோமாவும் (மச்சம் போலத் தோன்றும் தோல் புற்றுநோய்) உண்டு. அளவை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

உடம்பிலுள்ள மற்ற மச்சங்களையும் ஒரு முறை பாருங்கள். ஒருவருக்கு வரும் மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். அந்தக் கூட்டத்தோடு சேராமல் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அதைக் காட்ட வேண்டும். மச்சத்தில் முடி முளைப்பது கெட்ட அறிகுறி இல்லை. 40 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மச்சம், சொறியாமலே ரத்தம் கசிவது, மூன்று நான்கு வாரமாகியும் உதிராத பொருக்கு, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த மாதப் போட்டோவுக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.

உங்கள் கணவரை ஒரு முறை தோல் மருத்துவரிடம் அழைத்துப் போய் டெர்மோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி அது. ஊசி, வலி எதுவும் கிடையாது, ஐந்து நிமிட வேலை.

அம்மாவுக்கு வயது 58. வயல் வேலை, பெரும்பாலும் வெறுங்கால்தான். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒன்றரை வருடமாக ஒரு கறுப்புத் திட்டு. முதலில் மிளகு அளவு இருந்தது, இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவு. கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்டர் கொடுத்தார்கள். போன மாதத்திலிருந்து நடுவில் நீர் கசிகிறது. வலி இல்லை.
– வாசகர், பட்டுக்கோட்டை

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இது புற்றுநோய்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்று பயாப்ஸி (சதையில் ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது.

வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயிலால் வருகிற நோய் மெலனோமா என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அது அரிதுதான். ஆனால் வரும்போது கணிசமானவர்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில் வருகிறது. தோலின் கறுப்பு நிறம் வெயிலிலிருந்துதான் காப்பாற்றும். உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் காரணம் இல்லை என்பதால் அங்கே அந்தக் காப்பு உதவாது. யாரும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதும் இல்லை. வலியும் இல்லாததால் முற்றிய பிறகே வருகிறார்கள்.

எதனோடெல்லாம் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. கால் ஆணி, அழுத்தம் படுகிற இடத்தில் வரும், நேராக அழுத்தினால் வலிக்கும். மேல்தோலைச் சீவினால் நடுவில் கண்ணாடி போன்ற கடினமான முளை தெரியும். கறுப்பாக இருக்காது. உள்ளங்கால் மருவை இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும். அதில் மிளகுப்பொடி தூவியது போலத் தெரிவது உறைந்த ரத்தப் புள்ளிகள். அடிபட்டுத் தோலுக்குள் கட்டிய ரத்தம், மருத்துவர் பிளேடால் மேல்தோலைச் சுரண்டும்போது செதிலோடு வந்துவிடும். மெலனோமாவின் கறுப்பு சுரண்டினாலும் போகாது. வீட்டில் நீங்களே சுரண்டிப் பார்க்க வேண்டாம், ரத்தம் வரும், சீழ் பிடிக்கும்.

டெர்மோஸ்கோப்பில் உள்ளங்கால் தோல் உழுத வயல் போலத் தெரியும், மேடும் பள்ளமுமாக இணை கோடுகள். மேட்டின் முதுகில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசை கட்டியிருக்கும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவின் நிறம் மேட்டில் ஏறும். பழகிய கண்ணுக்கு இந்த ஒரு வித்தியாசம் மிகப் பெரிய துப்பு. அதற்கு மேல் பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

திட்டு பெரிதாக இருப்பதால் முழுவதையும் எடுக்காமல், தடித்த அல்லது மிகவும் கறுத்த இடத்திலிருந்து ஆழமாக ஒரு துண்டு எடுப்பார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். பயாப்ஸியில் புற்று என்று வந்தால் அங்கிருந்து அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கறுப்பே இல்லாத மெலனோமாவும் இருக்கிறது. இளஞ்சிவப்புச் சதை வளர்த்தியாகவோ ஆறாத புண்ணாகவோ இருக்கும். சர்க்கரைப் புண் என்று இரண்டு மாதம் கட்டுப் போட்டும் ஆறவில்லை என்றால் ஓரத்திலிருந்து பயாப்ஸி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் வலது கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு. எட்டு மாதமாக இருக்கிறது. வயது 47. சத்துக்குறைவா?
– வாசகர், மதுரை

மாநிறமும் கறுப்பும் உள்ளவர்களுக்கு நகங்களில் இப்படிக் கோடு வருவது சகஜம். பல விரல்களில், மெல்லியதாக, வருடக்கணக்கில் ஒரே மாதிரி இருந்தால் பயமில்லை. ஒரே ஒரு விரலில், நடுத்தர வயதில் புதிதாக, 3 மி.மீ.க்கு மேல் அகலமாக, அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ இருந்தால் காட்டியே ஆக வேண்டும். கோடு நகத்தின் வேர்ப் பக்கம் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால் அது விரிந்துகொண்டு வருகிறது என்று பொருள். நகம் வேரிலிருந்துதானே வளர்கிறது. நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு பரவியிருப்பதை ஹட்சின்சன் அறிகுறி என்போம். அது இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடிபட்ட ரத்தக்கட்டாக இருந்தால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், அதன் பின்னால் வெள்ளை நகம் முளைக்கும். கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், கால் நகம் அதில் பாதி. இரண்டு மாதத்தில் கோடு இடம்பெயரவே இல்லை என்றால் அது ரத்தக்கட்டு இல்லை. எட்டு மாதமாக நீடிக்கும் உங்கள் கோடு ரத்தக்கட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு, காட்டிவிடுங்கள். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இந்த மெலனோமாதான். 1981-இல் 36 வயதில் இறந்துபோனார்.

தங்கைக்கு தை மாதம் கல்யாணம். மோவாயில் உள்ள மச்சத்தை பியூட்டி பார்லரில் எரித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். சுண்ணாம்பும் சோடாவும் வைத்தால் போதும் என்கிறார் அத்தை.
– வாசகி, கோவை

இரண்டுமே வேண்டாம். சுண்ணாம்பும் சலவை சோடாவும் சேர்ந்தால் காரம். அது மச்சத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள தோலையும் அரித்துக் குழி விழுந்த தழும்பாக்கும். கல்யாண போட்டோவில் மச்சத்தைவிட அது நன்றாகத் தெரியும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. எரித்துவிட்டால் பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அது மெலனோமாவாக இருந்திருந்தால் மேலே ஆறிவிடும், அடியில் வளரும். மச்சமாகவே இருந்தாலும் பாதி எரிந்ததில் மிஞ்சிய செல்கள் சில மாதத்தில் தழும்புக்குள் கோணல்மாணலாகக் கறுப்பைக் கொண்டுவரும். நுண்ணோக்கியில்கூட அது மெலனோமா போலவே தெரிந்து குழப்பும். முன்பு எடுத்த சதையின் ரிப்போர்ட் இல்லாமல் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது கடினம்.

தோல் மருத்துவரிடம் போனால் மரத்துப்போக ஊசி போட்டு, மேடான மச்சத்தை மட்டம் செய்து எடுப்பார். எடுத்த துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் லேபுக்குப் போகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சிவப்பு மறைய இரண்டு மூன்று மாதமாகும், அதற்கேற்ப முன்கூட்டியே செய்யுங்கள்.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்கிறார்களே? பயாப்ஸிக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பயாப்ஸியால் மெலனோமா பரவுவதில்லை. முற்றிய பிறகு கத்தி வைத்தவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது, பழி கத்தி மேல் விழுந்தது. சிறிய மச்சமாக இருந்தால், சுற்றிலும் 1 முதல் 3 மி.மீ. நல்ல தோலோடு, அடிக்கொழுப்பு வரை முழுதாக எடுத்துத் தையல் போடுவார்கள். சந்தேகமான மச்சத்தை மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போய்விடும். ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மெலனோமா என்று ரிப்போர்ட் வந்தால் அதில் ‘பிரெஸ்லோ தடிமன்’ என்ற எண்ணைத் தேடுங்கள். புற்று தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் அது. 0.8 மி.மீ.க்குக் குறைவாக, மேற்பரப்பில் புண்ணில்லாமல் இருந்தால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். 1 மி.மீ. வரை உள்ளதற்குச் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து மறுபடி எடுப்பார்கள். 1 மி.மீ.யைத் தாண்டினால், புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறியையும் சோதிப்பது வழக்கம். ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) லேபிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு மருத்துவமனையில் மறுபடி பார்க்க அவை வேண்டும்.

கன்னம், கண்ணோரம் எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் மேடாக வருகின்றன. அம்மாவுக்கும் அப்படித்தான். வயது 34.
– வாசகி, யாழ்ப்பாணம்

குடும்பவாகாக வரும் தீங்கற்ற மருக்கள் போலத் தெரிகிறது. வயதாக ஆக எண்ணிக்கை கூடும், புற்றாக மாறாது. அழகுக்காக வேண்டுமானால் எடுக்கலாம்.

சிறு வயதில் தீக்காயம் பட்ட முழங்கால் தழும்பில் நான்கு மாதமாகப் புண். தழும்புத் தோல் அப்படித்தான் வெடிக்கும் என்று விட்டுவிட்டேன். வயது 52.
– வாசகர், தர்மபுரி

விடக் கூடாது. பழைய தீக்காயத் தழும்பில் பல பத்தாண்டு கழித்து வேறொரு வகைத் தோல் புற்று வரலாம். மச்சம் போல இருக்காது. ஓரம் தடித்து, நடுவில் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்து, நாற்றத்தோடு நீர் வடியும் புண்ணாக இருக்கும். புண்ணின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பயாப்ஸி எடுக்க வேண்டும், ஒரே இடத்தில் எடுத்தால் தவறிப்போகலாம். இந்த வாரமே போங்கள். அதுவரை களிம்பு மாற்றி மாற்றிப் போடாமல், உப்பு நீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.