மரத்தூள் எரிகட்டிகளை வெளியில் அடுக்கலாமா?

கேள்வி: அழுத்திய மரத்தூள் எரிகட்டிகளை ஒரு டன் வாங்க நினைக்கிறேன். மொத்தமாக எடுத்தால் விலை குறைகிறது. வீட்டுக்குள் இடமில்லை, எங்கள் பகுதியில் காற்றிலும் ஈரம் அதிகம். பொதிகள் பிளாஸ்டிக் உறையுடன்தான் வருகின்றன. மேலே தார்ப்பாய் போர்த்தி வெளியில் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. விறகுக்குச் சொல்லும் யோசனையை இதற்கும் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பச்சை விறகில் உள்ள ஈரம் வெளியேற வேண்டும். அதற்குக் காற்றோட்டம் தேவை. எரிகட்டி உலர்த்திய பிறகே அழுத்தப்படுகிறது. அதில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் குறைவான ஈரமே இருக்கும். ஈரக்காற்று பட்டால் அது உறிஞ்சத்தான் செய்யும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்திலேயே நின்றால், சாதாரண மரம் நாளடைவில் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்துக்கு வந்துவிடும்.

தண்ணீர் நேராகப் பட்டால் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான கட்டிகளில் பசை கிடையாது. அழுத்தத்திலும் சூட்டிலும் இளகும் லிக்னின் என்ற மரப்பொருளே துகள்களைப் பிணைக்கிறது. நனைந்ததும் துகள்கள் உப்பிப் பிடி விட்டுவிடும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் மிஞ்சுவது தூள்தான்.

கடை உறையை நம்பி இருக்காதீர்கள். அது கட்டிகள் சிதறாமலிருக்கப் போடுவது. ஓரங்களில் துளையோ கிழிசலோ இருக்கும், வெயிலில் நைந்தும் போகும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், தரையிலிருந்து எழும் ஈரத்தைத் தடுக்காது. அந்த ஈரம் இரவில் தார்ப்பாயின் உட்புறத்தில் நீராகப் படிந்து கட்டிகள் மீதே சொட்டும். சிமென்ட் தரையும் ஈரத்தைக் கடத்தும்.

வெளியில்தான் வைத்தாக வேண்டுமென்றால் கூரையுள்ள இடமாகப் பாருங்கள். தரையில் கனமான பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் மரச்சட்டம், அதன் மேல் பொதிகள். ஒவ்வொரு பொதியையும் தடித்த பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய் கிடைத்தால் இன்னும் நல்லது. சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கரையான் வந்ததைப் பார்க்க வழியிருக்காது.

வந்த அன்றே ஒரு பொதியை எடைபோட்டுக் குறித்துவையுங்கள். 10 கிலோ பொதி பின்னர் அரைக் கிலோ கூடியிருந்தால், அந்த அரைக் கிலோ முழுவதும் தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். விற்பவர் சரக்கைத் திறந்தவெளியில் அடுக்கியிருந்தாலும் இதே கணக்குதான்: எடைக்கு விற்கும் பொருளில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

நெருக்கி அடுக்கினால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் இடம் போதும். படிக்கட்டின் அடியை ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கும் இடமில்லையென்றால் சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மொத்த விலைச் சலுகையைவிட உதிர்ந்துபோகும் கட்டிகளின் நஷ்டம் பெரிதாகலாம்.

கேள்வி: ஏற்கெனவே உதிர்ந்த தூளை எரிக்கலாமா?

பதில்: உலர்த்தி, சிறிது சிறிதாகக் காகிதத்தில் பொதிந்து எரிக்கலாம். எரியும் தீயின் மேல் அள்ளிக் கொட்டாதீர்கள். நுண்தூள் குப்பென்று பற்றும். பூஞ்சணம் பிடித்த தூளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.