விவாதமாகாமல் சுவிசேஷம் சொல்ல முடியுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உடன் வேலை செய்யும் நண்பருக்குச் சுவிசேஷம், அதாவது இயேசுவைப் பற்றிய நற்செய்தி, சொல்ல ஆசை. பேச்சை எடுத்தாலே மத விவாதமாகிவிடுகிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில், ஆதி சபையின் ஊழியரான பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியிடம் பேசிய விதத்தைக் கவனியுங்கள். இரதத்தருகே ஓடிப்போனவர், மந்திரி ஏசாயாவை வாசிப்பதை முதலில் கேட்டார். பிறகு, வாசிப்பது புரிகிறதா என்று ஒரே ஒரு கேள்வி. மந்திரியே ஏறி உட்காரச் சொன்ன பின்புதான் இயேசுவைப் பற்றிப் பேசினார். அதையும் மந்திரி வாசித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே தொடங்கினார்.

நம் பேச்சு விவாதமாவதற்குப் பெரும்பாலும் காரணம், எதிரிலிருப்பவரின் நம்பிக்கையில் குறை காட்டித் தொடங்குவதுதான். குறை சொன்னால் யாரும் தற்காப்புக்குத்தான் போவார்கள். “நான் ஏன் இயேசுவை நம்புகிறேன் என்று சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நட்பு அப்படியே தொடரட்டும். வேலை நேரத்தில் பேசாதீர்கள். அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரானால் இன்னும் கவனம் தேவை. மறுத்தால் என்னவாகுமோ என்று பயந்து அவர் தலையாட்டக்கூடும். அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

சரி, சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வது? 1 கொரிந்தியர் 15:3,4-இல் அப்போஸ்தலன் பவுல் சுருக்கமாகத் தருகிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இதை விட்டுவிட்டு, “இயேசுவிடம் வந்தால் நோய் தீரும், கடன் தீரும்” என்பதே பலருடைய பேச்சாக இருக்கிறது. இது மிகவும் வருத்தமான விஷயம். கடன் தீராத நாளில் அந்த நண்பர் கிறிஸ்துவையே பொய் என்று நினைத்துப் போய்விடுவார்.

நண்பர் மேலும் அறிய விரும்பினால் மாற்கு சுவிசேஷத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். நான்கு சுவிசேஷ நூல்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு அதிகாரம், அரை மணி நேரம் போதும். “இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? எது புரியவில்லை?” என்று இரண்டு கேள்விகள் போதும். பதில் தெரியாவிட்டால் “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லி, அடுத்த முறை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன். திருப்புமுனை என்று எதுவும் இல்லை. சாட்சியாக, அதாவது என் விசுவாச அனுபவமாக, சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவும் சிறுவயதிலிருந்தே வேத எழுத்துக்களை அறிந்தவர்தான் (2 தீமோத்தேயு 3:15). இல்லாத பாவக் கதையைச் சேர்க்காதீர்கள். பெற்றோரின் விசுவாசம் எப்போது உங்களுடையதாயிற்று, மன்னிப்பு எதில் உங்களுக்கு நிஜமாயிற்று என்று எழுதிப் பாருங்கள்.

அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் சொன்ன சாட்சி (அப்போஸ்தலர் 26:4-23) இருபதே வசனங்கள்: முன்பு எப்படி இருந்தார், கிறிஸ்துவை எப்படிச் சந்தித்தார், பிறகு என்ன செய்தார். நீங்களும் மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். “அபிஷேகம்”, “ஊழியம்” போன்ற சபைக்குள் புழங்கும் சொற்கள் வெளியே இருப்பவருக்குப் புரியாது. சபைக்கு வராத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் நெற்றி சுருங்கும் இடங்களை மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: பல வருடங்களாகச் சொல்லியும் வீட்டார் மனம் மாறவில்லையே?

பதில்: இயேசுவின் சொந்தச் சகோதரரே முதலில் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). உயிர்த்தெழுதலுக்குப் பிறகு அதே சகோதரர் சீஷரோடு ஜெபத்தில் தரித்திருந்தார்கள் (அப்போஸ்தலர் 1:14). சொன்னதையே தினமும் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். விசுவாசியாத கணவர்கள் “போதனையின்றி” மனைவியின் நடக்கையினாலேயே விசுவாசத்துக்குள் கொண்டுவரப்படுவார்கள் என்று 1 பேதுரு 3:1 சொல்கிறது. வீட்டு வேலையைப் பகிர்வது, கோபத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பது எல்லாம் அதில் சேரும். இன்னொன்று: ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அவர்களுடைய குறைகளைச் சபையில் சொல்லாதீர்கள். அது அவர்கள் காதுக்கு எட்டினால், உங்கள் சபைக்காரர் எவர் வந்து பேசினாலும் கேட்கமாட்டார்கள்.