போர்டில் இத்தனை எழுத்து போட்டிருக்கிறாரே, நல்ல பிசியோவா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பக்கத்துத் தெரு பிசியோதெரபிஸ்ட் பெயருக்குப் பின்னால் பி.பி.டி., எம்.பி.டி. (ஆர்த்தோ), அப்புறம் வரிசையாக என்னென்னவோ. இதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் இரண்டும்தான் பட்டம். இதுவரை படித்து வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு பி.பி.டி. என்பது 4 வருடப் படிப்பும் 6 மாத இன்டர்ன்ஷிப்பும், அதற்கு மேல் 2 வருடம் எலும்பு, மூட்டுப் பிரிவில் படித்தால் எம்.பி.டி. ஆர்த்தோ. மீதி பெரும்பாலும் சில நாள் பயிற்சி வகுப்புகள். ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்ட், நியூசிலாந்தின் மல்லிகன், மெக்கன்சி ஆகிய பிசியோக்கள் வகுத்த முறைகள் அவை, நல்லவைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஆபரேஷன் முடிந்தவர்களை எந்த மருத்துவமனையில், எத்தனை வருடம் பார்த்தார் என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி பத்து நாள். வீட்டுக்கு வரும் பிசியோ அரை மணி நேரம் கரண்ட் வைத்துவிட்டுப் போகிறார். போதுமா?

போதாது. கரண்ட் மெஷின் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், காலை மடக்கித் தராது. இப்போது நடக்க வேண்டிய வேலை இரண்டு: முட்டி முழுசாக நீட்ட வர வேண்டும், முதல் சில வாரங்களுக்குள் 90 டிகிரியாவது மடங்க வேண்டும். எல்லோரும் மடக்குவதையே பார்க்கிறார்கள், நீட்டுவதை விட்டுவிடுகிறார்கள், பிறகு நடையே நொண்டலாகிவிடும். அதனால் படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அவர் கோணமானியால் அளந்து எழுதி வைக்கிறாரா, தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித் தருகிறாரா என்று பாருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கணவருக்கு சுகர், தோள்பட்டை இறுகிவிட்டது. கத்தும் அளவுக்குக் கையை இழுக்கிறார்கள்.

நிறுத்தச் சொல்லுங்கள். வலி அதிகமாக இருக்கும் கட்டத்தில் இழுத்தால் இன்னும் மோசமாகும். இப்படித் தோள் இறுகுவது (ஃப்ரோசன் ஷோல்டர்) குணமாவதற்கு ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகும், சுகர் இருந்தால் இழுத்தடிக்கும்.

கேள்வி: கபடியில் ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் தசைநார்) கிழிந்து ஆபரேஷன், 5 மாதம் ஆச்சு. வலியே இல்லை, ஆடலாமா?

கூடாது தம்பி. வலி போவது வேறு, உள்ளே வைத்த தசைநார் பிடித்து உறுதியாவது வேறு. குறைந்தது 9 மாதம் பொறுங்கள். அதன் பிறகும் ஆபரேஷன் ஆன காலின் தொடைத் தசைக்கு, நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் காலண்டரை மட்டும் பார்த்து "ஆடு" என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.