சிறு விமானப் பிரியர்களுக்காக வார இறுதி ஃப்ளை-இன் நடத்த எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 700 மீட்டர் புல் ஓடுபாதை ஒன்று கிடைத்திருக்கிறது, சனி ஞாயிறு இரண்டு நாளும் சுமார் 25 சிறு விமானங்களை வரவழைத்து ஃப்ளை-இன் (அவரவர் விமானத்தில் பறந்து வந்து கூடும் சந்திப்பு) நடத்த வேண்டும், கூடாரம், சாப்பாடு, பரிசு எல்லாவற்றையும் எப்படித் திட்டமிடுவது? கடைசியில், "அதிகத் தூரம் பறந்து வருபவருக்குக் கோப்பை கொடுக்கலாம் என்றிருக்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கூடாரத்தையும் சாப்பாட்டையும் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கோப்பைக்காக. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு இது முதல் முறை என்று நினைக்கிறேன். உங்கள் விமானக் கழகத்தில் பதினைந்து இருபது பேர் இருப்பீர்கள். பாதிப் பேராவது இந்த நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். நானும் அப்படிக் காத்திருந்தவன்தான். இதுவரை நான்கு ஃப்ளை-இன்களை முன்நின்று நடத்தியிருக்கிறேன். இரண்டாவதில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த முறை எங்களிடமும் கோப்பை இருந்தது. பரிசளிப்பு பகல் 12.30 மணிக்கு என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தோம். காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. பத்து மணிக்குமேல் மேகம் இறங்க ஆரம்பித்தது. பதினொன்றரைக்கெல்லாம் ஓடுபாதைக் கோடியில் நின்ற மரங்களின் உச்சியே மங்கிவிட்டது, தூறலும் போட்டது. வந்து சேர்ந்திருந்த விமானங்களுக்கு உறை மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். இனி யாரும் வர மாட்டார்கள் என்று பேசிக்கொண்டோம்.

12.10 இருக்கும். முதலில் சத்தம்தான் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. ரேடியோவில் ஒரு வார்த்தை இல்லை. பிறகு மரங்களுக்குச் சற்று மேலே, மேகத்தின் அடியை ஒட்டி, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று வெளிப்பட்டது. இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட் எதுவும் போடாமல் நேராக வந்து, பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் தரையைத் தொட்டது. ஈரப்புல்லில் பிரேக் பிடிக்கவில்லை. சக்கரங்கள் உருளாமல் வழுக்கிக்கொண்டே போயின. வேலிக்குப் பத்தடி முன்னால் நின்றது.

ப்ரொப்பெல்லர் நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. ஹெட்செட்டைக்கூடக் கழற்றவில்லை. தொடைமேல் கட்டியிருந்த பலகையில் பறப்புக் குறிப்புத் தாள் இருந்தது. ஒவ்வோர் அடையாளத்தையும் கடந்த நேரத்தைச் சின்ன எழுத்தில், கோணாமல், எழுதிக்கொண்டே வந்திருந்தார்: 10.52, 11.04, 11.17, 11.29. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடங்களுக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்தும் இல்லை. நூலில் கட்டிய பென்சில் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "பரிசளிப்பு முடிந்துவிட்டதா?"

கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தேன். அறிவித்த விதிப்படி அவர்தான் அதிகத் தூரம் வந்தவர். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதே காலையில், மேகத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிப்போன இரண்டு பேர் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். மன்னிப்பு! சரியான முடிவை எடுத்தவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்; நானும் "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்கள் பெயரை மேடையில் சொல்லவில்லை. இன்றும் என்னை அறுப்பது இதுதான்.

"முடிவெடுத்தது அவர், நீ ஏன் தலையில் போட்டுக்கொள்கிறாய்?" என்று சிலர் கேட்பீர்கள். விமானத்தின் பாதுகாப்புக்கு அதன் தலைமை விமானியே பொறுப்பு என்பது எனக்கும் தெரியும். அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பின்னால் என்னிடம் சொன்னார்: வழியில் இரண்டு விமானத்தளங்களைத் தாண்டியிருக்கிறார். இரண்டாவதன் மேலே வந்தபோது இறங்கிவிடலாம் என்று நினைத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்திருக்கிறார். அந்த 12.30-ஐ அச்சடித்தது நான்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. இந்த எண்ணைப் பறக்கிறவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பலரும் சொல்லாமல் விடுவது, அந்த ஆய்வு எதற்காக நடந்தது என்பதை. மேகத்துக்குள் மாட்டியவர் 180 பாகை திரும்பி வந்த வழியே வெளியேற எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கண்டுபிடிக்கத்தான் அதை நடத்தினார்கள். திரும்புவதற்கே பயிற்சி தேவைப்படுகிறது. நாமோ திரும்பாமல் வருபவருக்குப் பரிசு வைக்கிறோம்.

ஆகவே மூன்றாவது முறை நான் மாற்றியவை இவை. தூரத்துக்கோ, முதலில் வருவதற்கோ பரிசு இல்லை. குறித்த நேரத்தில் எந்த நிகழ்ச்சியும் இல்லை. சாப்பாடு காலையிலிருந்து மாலைவரை இருந்துகொண்டே இருந்தது. வரும் வழிகளில் இறங்கக்கூடிய தளங்களையெல்லாம் ஒரு தாளில் போட்டு, அங்கே யாரை அழைப்பது என்பதையும் எழுதி, அழைப்பிதழோடு அனுப்பினோம். திரும்பிப்போனவர்களின் அழைப்பை எடுக்கவே ஓர் ஆளை உட்கார வைத்தோம். அப்படி அழைத்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினோம், வந்தவர்களின் பெயர்களுக்கு மேலே. போட்டி இல்லாவிட்டால் களை இருக்காது என்று எங்கள் கழகத்திலேயே மூத்தவர் ஒருவர் கடைசிவரை வாதாடினார். கூட்டம் குறையவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வருவதைவிட வீட்டுக்குக் கிளம்புவதுதான் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை எல்லார் மனத்திலும் திங்கட்கிழமை வேலை உட்கார்ந்திருக்கும். ஞாயிறு இரவு தங்க இடம், ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட ஒரு கார், விட்டுப்போகும் விமானத்தை நாங்கள் கட்டிப் பார்த்துக்கொள்வோம் என்ற உறுதி, இந்த மூன்றையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். தங்கிவிடுவது சுலபம் என்று தெரிந்தால்தான் தங்குவார்கள்.

உங்கள் 700 மீட்டரைப் பற்றி. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. கடினத் தளத்துக்கு விமானக் கையேடு தரும் கிளம்பும் தூரத்தை, காய்ந்த புல்லானால் 1.2-ஆலும் ஈரப்புல்லானால் 1.3-ஆலும் பெருக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்னும் 10 சதவீதம், எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே பாதுகாப்புக்காக 1.33. கிளம்பி 50 அடி உயரத்தை எட்ட 400 மீட்டர் போதும் என்று கையேடு சொல்லும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்புல்லில், 10 டிகிரி கூடுதல் வெப்பத்தில் அது 572 மீட்டர். 1.33-ஆல் பெருக்கினால் சுமார் 761. உங்கள் ஓடுபாதை போதாது. இறங்கிவிட்ட விமானம் ஏற முடியாமல் நிற்கும். ஆகவே ஓடுபாதையின் நீளம், சரிவு, புல்லின் உயரம், கோடியில் நிற்கும் மரங்கள் எல்லாவற்றையும் அழைப்பிதழிலேயே போடுங்கள். கணக்கை அவரவர் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும்.

வந்து இறங்கும் முறையையும் ஒரே பக்கத்தில் அச்சடியுங்கள். 1953-இல் மில்வாக்கியில் தொடங்கி, 1970-இலிருந்து ஆஷ்காஷ் நகரில் நடக்கும் அமெரிக்க ஃப்ளை-இன் பெருங்கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வருகின்றன. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற ஊர்வரை ரயில் தண்டவாளத்துக்கு மேலே, 1800 அடியில், 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். ஃபிஸ்க்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். விமானி பதில் பேசாமல் இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும். 25 விமானங்களுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கம் வளைவது, எந்த உயரத்தில் சுற்றுவது (பெரும்பாலும் தரையிலிருந்து 1000 அடி), எந்த அலைவரிசை, இவை எல்லார் கையிலும் இருந்தால் ரேடியோவில் பேச்சு பாதியாகும். பைப்பர் கப் போன்ற பழைய சிறு விமானங்களில் மின்சார அமைப்பே கிடையாது. பலர் ரேடியோ இல்லாமல் வருவார்கள். ஆகவே கண்தான் முக்கியம். உங்கள் ஆள் ரேடியோவில் காற்றையும் ஓடுபாதை நிலவரத்தையும் மட்டும் சொல்லட்டும். "இறங்கலாம்" என்று அனுமதி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. விமானத்தள உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, காப்பீடு, நோட்டாம் (விமானிகளுக்கு வெளியிடும் அதிகாரபூர்வ அறிவிப்பு) மூன்றும் உங்கள் நாட்டு விதிப்படி இருக்க வேண்டும். அதை உங்களுக்குத் தெரியாதது போல விளக்க விரும்பவில்லை.

ப்ரொப்பெல்லருக்கும் மனிதருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கயிறு இருக்கட்டும். சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. விமானம் நின்று, எஞ்சின் அணைந்து, விமானி கையசைத்த பிறகுதான் கயிற்றைத் தாண்டலாம். குழந்தைகளுக்கும் அதே விதி, மந்திரிக்கும் அதே விதி.

குழந்தைகள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் பறக்கக் கற்ற தளத்தில் வேலி ஓரமாக ஒரு மர பெஞ்சு இருந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து விமானங்களைப் பார்ப்பார்கள். நானும் பன்னிரண்டு வயதில் அப்படி உட்கார்ந்தவன்தான்; ஒருநாள் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "வருகிறாயா?" என்று கேட்டார், அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது. சில வருடங்களுக்கு முன் பாதுகாப்பு என்று சொல்லி அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் தெரியாதபடி தகரம் அடைத்துவிட்டார்கள். கேட்டால் புகார் வந்தது என்றார்கள். யார் புகார் செய்தார்கள் என்று சொல்லவில்லை. அதே நிர்வாகம்தான் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும், புதிதாகப் பறக்க யாரும் வருவதில்லை என்று கவலைப்படுகிறது. உங்கள் ஃப்ளை-இன்னில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாலு பெஞ்சாவது போடுங்கள்.

கடைசியாக, எங்கள் நான்காவது அழைப்பிதழின் வாசகத்தை அப்படியே தருகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"சனி, ஞாயிறு இரண்டு நாளும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். குறித்த நேரத்தில் எதுவும் நடக்காது. எதையும் தவறவிட மாட்டீர்கள். வானம் பிடிக்கவில்லை என்றால் கிளம்பாதீர்கள். கிளம்பிவிட்டால் திரும்புங்கள், அல்லது வழியில் இறங்கிவிடுங்கள். இறங்கிய இடத்திலிருந்து எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். கார் அனுப்புகிறோம்."